காண்டிரு: ஒரு சிறு மீனும் ஒரு பெரும் பயமும்

புலியையும் நாகத்தையும் முதலையையும் கண்டு மனிதன் அஞ்சுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புலியின் நகம் எத்தகையது என்பதைக் காட்டில் உள்ள மானைக் கேட்க வேண்டும். முதலையின் பிடி எத்தகையது என்பதைக் கஜேந்திரனைக் கேட்க வேண்டும். ஆனால் சுண்டு விரல் நீளமும், ஈர்க்குச்சியை விடச் சற்றே பருமனும், கண்ணாடி போல் ஊடுருவிப் பார்க்கத்தக்க உடலும் கொண்ட ஓர் அற்ப மீன், இவற்றையெல்லாம் விட அதிகமான பீதியை உண்டாக்கியிருக்கிறது என்றால் நம்புவது கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த மீன் வாழும் நதியைப் படத்தில் கூடப் பார்த்திராதவர்கள், பத்தாயிரம் மைலுக்கு இப்பால் இருந்துகொண்டே, அதன் பெயரைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள்.

அந்த மீனின் பெயர் காண்டிரு. அதன் வாசஸ்தலம் தென் அமெரிக்காவில் உள்ள அமேஸான் மகாநதியும் அதன் உபநதிகளும். சுமார் நாலாயிரம் மைல் ஓடிக் கடலில் கலக்கும் அந்த நதி மண்டலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மீன் வகைகள் உண்டு. மின்சாரத்தைப் பாய்ச்சி எருமையையே தடுமாறச் செய்யும் விலாங்கு உண்டு. கத்தரிக்கோல் போன்ற பல்லுடைய பிரானா உண்டு. வாலில் விஷ முள் கொண்ட திருக்கை உண்டு. இத்தனைக்கும் நடுவில் பேரும் புகழும் (புகழ் என்பதைவிட அபவாதம் என்பதே பொருந்தும்) பெற்றிருப்பது இந்தக் காண்டிருதான்.

அபவாதம் இதுதான். ஆற்றில் இறங்கி நின்று சிறுநீர் கழிப்பவனைக் காண்டிரு தேடிக்கொண்டு வருமாம். சிறுநீர்த் துவாரத்தின் வழியாக உடம்புக்குள் நுழைந்துவிடுமாம். நுழைந்ததும் தன் முட்களைக் குடை போல் விரித்துக்கொள்ளுமாம். அதன் பிறகு பிடித்து இழுத்தாலும் வெளியே வராதாம். சஸ்திர சிகிச்சை ஒன்றே கதியாம். கதை இதோடு நிற்கவில்லை. ஆற்றில் இறங்காமல் கரையில் நின்றாலும் தப்ப முடியாதென்றும், விழுகிற தாரையைப் பிடித்துக்கொண்டே மீன் மேலே ஏறி வந்துவிடும் என்றும் சொல்வார்கள்!

குடும்பத்தார் அனைவரும் வாசிக்கும் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கக் கூடும். வைத்திய நூல்களில் இடம் பெற்றிருக்கும் விஷயத்தை வைத்தியர்கள் பேசுகிற விதமாகவே பேசினால் தோஷம் இல்லை. தவிரவும், ஒரு வதந்தி எவ்வாறு பிறந்து, எவ்வாறு வளர்ந்து, எவ்வாறு சாஸ்திரத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டது என்பதை அறிவதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

மீனின் உண்மை வரலாறு

முதலில் மீனுக்கு நியாயம் செய்வோம். காண்டிரு கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. நம் ஊர் ஏரிகளிலும் ஆறுகளிலும் மீசை முளைத்த முகத்துடன் காணப்படுகிறதே, அந்தக் கெளுத்திக்கு இது தூரத்துப் பங்காளி. 1846-ஆம் ஆண்டில் வலான்ஸியேன் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் இதற்குச் சாஸ்திர ரீதியான பெயர் சூட்டினார். வாண்டெல்லி என்னும் இத்தாலிய இயற்கை நூலாரின் ஞாபகார்த்தமாக "வாண்டெல்லியா" என்று அதற்கு நாமகரணம் ஆயிற்று. பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலத்தில் அடங்கிவிடும். மிகப் பெரியது கூட ஏழு அங்குலத்தை எட்டுவதில்லை.

இந்த மீனின் ஆகாரம் இரத்தம். இரத்தத்தைத் தவிர வேறில்லை. பகலெல்லாம் ஆற்றின் அடியில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். பெரிய மீன் ஏதாவது அருகில் வந்தால் சரேலென்று பாய்ந்து, அதன் செவுள் மூடி திறக்கும் சமயம் பார்த்து உள்ளே புகுந்துவிடும். காண்டிருவின் கன்னத்துப் பக்கங்களில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. தண்ணீரின் வேகத்தில் அடித்துக்கொண்டு போகாதபடி அவற்றைச் செவுளுக்குள் ஊன்றிக்கொண்டு, ஊசி போன்ற பற்களால் அங்குள்ள பெரிய இரத்தக் குழாயைக் கடிக்கும்.

அட்டை இரத்தத்தை உறிஞ்சுவது போலக் காண்டிருவும் உறிஞ்சுகிறது என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். ஸுவானோன், ஸாஸிமா என்ற இரு பிரேஸில் ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், அந்தச் சிரமம் கூட இதற்கு இல்லை என்பதை எடுத்துக் காட்டினார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் தானே பாய்வது போல, பெரிய மீனின் இருதயம் தள்ளுகிற வேகத்திலேயே இரத்தம் காண்டிருவின் வயிற்றுக்குள் பாய்ந்துவிடுகிறது. அவர்கள் கணக்கிட்டதில் விருந்து முடிவதற்கு 30 முதல் 145 விநாடிகளே ஆயின. அதன் பிறகு வயிறு புடைத்துச் செக்கச் செவேலென்று ஆன மீன், பிடியை விட்டுவிட்டு மறுபடியும் மணலுக்குள் மறைகிறது.

ஆகவே காண்டிரு இரத்தம் குடிப்பது உண்மை; துவாரத்துக்குள் புகுவதும் உண்மை; முள்ளை ஊன்றுவதும் உண்மை. ஆனால் அந்தத் துவாரம் மீனின் செவுளே ஒழிய மனிதனுடைய அங்கம் அல்ல. அஸ்திவாரம் கல்லால் ஆனது. அதன் மேல் எழுப்பிய மாளிகைதான் காற்றால் ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "காண்டிரு" என்ற பெயரை நதிக்கரை மக்கள் ஒரே மீனுக்கு வைத்துச் சொல்வதில்லை. இரத்தம் குடிக்காமல் சதையைத் தின்னும் வேறொரு கெளுத்தி வகைக்கும் அதே பெயர் வழங்குகிறது. அது வலையில் சிக்கிய மீன்களைத் துளைத்துத் தின்னும். நீரில் மூழ்கி இறந்தவர்களின் சடலங்களுக்குள்ளும் துளைத்துப் புகும். அத்தகைய சடலத்தைக் கண்டவர்கள் பயந்ததில் குற்றம் இல்லை. ஒரு மீனின் செய்கை, பெயர் ஒற்றுமையினால் மற்றொரு மீனின் தலையில் ஏறியிருக்கக் கூடும்.

கதை நூலேறிய விதம்

இந்தக் கதையை முதன் முதலில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர் மார்ட்டியஸ் என்னும் பவேரியப் பண்டிதர். தாவர நூலில் அவர் மேதை. 1817 முதல் 1820 வரை பிரேஸிலில் பிரயாணம் செய்தவர். 1829-இல் வெளியான ஒரு மீன் நூலில், ஆற்றில் இறங்குபவர்களின் உடம்புக்குள் இம்மீன் நுழைந்துவிடுவதாக அவர் எழுதினார். சிறுநீரின் நாற்றமே அதை இழுப்பதாகவும் சொன்னார். ஆனால் அவர் அப்படி ஒரு நோயாளியைக் கண்டவர் அல்லர்; நதிக்கரை வாசிகள் சொல்லக் கேட்டவர்.

பிறகு, 1836-இல், பொப்பிக் என்னும் மற்றொரு ஜெர்மானியர் எழுதினார். அவரும் கண்டவர் அல்லர். பாரா நகரத்து வைத்தியர் ஒருவர் தமக்குச் சொன்னதை எழுதினார். ஒரு ஸ்திரீயின் உடம்பில் மீன் புகுந்ததாகவும், ஜாகுவா என்னும் மரத்தை உள்ளுக்கும் வெளிக்கும் மருந்தாக உபயோகித்தபின் அது வெளிப்பட்டதாகவும் அந்த வைத்தியர் சொன்னாராம்.

1855-இல் எழுதிய காஸ்டெல்னோ என்ற பிரெஞ்சுப் பிரயாணியிடம் அராகுவாயா நதிச் செம்படவர்கள், மீன் தாரையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும் என்ற கதையைச் சொன்னார்கள். அவர் அதை எழுதி வைத்தார். எழுதிய கையோடு, இது சுத்த அபத்தம் என்றும் குறித்து வைத்தார். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தார் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அபத்தம் என்று அவர் சொன்னதை மறந்துவிட்டார்கள்.

1897-இல் லண்டனில் பூலெஞ்சே என்ற பிரசித்தி பெற்ற மச்ச சாஸ்திரி, பாக் என்ற வைத்தியர் தெரிவித்த தகவலை வெளியிட்டார். அங்கம் சேதமடைந்த சிலரை அந்த வைத்தியர் அமேஸான் பிரதேசத்தில் பரிசோதித்திருந்தார்; அது காண்டிருவின் வேலை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. காயத்தை அவர் கண்டார். காயப்படுத்திய மீனைக் காணவில்லை. அது பிரானாவின் பல் செய்த வேலையாக இருக்கலாம் என்று இக்காலத்தார் கருதுகிறார்கள்.

1930-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்துக் காட்சிசாலையைச் சேர்ந்த குட்ஜர் என்பவர் இந்தச் சாட்சியங்களை எல்லாம் ஒன்று திரட்டி ஒரு வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். பெரு முயற்சி அது. ஆண்களைப் பற்றிய கதைகளை அவரும் சந்தேகித்தார்; மிகச் சிறிய குஞ்சுக்கு அல்லாமல் வேறு எதற்கும் அந்தப் பாதையில் இடம் இராது என்றார். ஆயினும் இத்தனை பண்டிதர்களின் பெயர்கள் ஒரே இடத்தில் வரிசையாக நின்றபோது, கதைக்கு ஒரு புதிய கௌரவம் ஏற்பட்டுவிட்டது.

காக்கை வாந்தியெடுத்த கதை நம்மில் யாருக்குத் தெரியாது? ஒருவன் காக்கை நிறமாக ஏதோ வாந்தி எடுத்தான். அடுத்த வீட்டில் அது ஒரு காக்கையாயிற்று; அடுத்த தெருவில் மூன்று காக்கைகள் ஆயின; ஊர்க் கோடிக்குப் போவதற்குள் காக்கைகள் கூட்டமாகப் பறக்க ஆரம்பித்துவிட்டன. அமேஸானில் நடந்ததும் அதுவேதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே காக்கைகள் தெருத் தெருவாகப் பறந்தன; அங்கே புத்தகம் புத்தகமாகப் பறந்தன.

நம் தர்க்க நூலார் பிரமாணங்களை வகுக்கும்போது காட்சி, அநுமானம், ஆப்த வாக்கியம் என்று பிரித்துச் சொல்வார்கள். ஆப்தன் என்றால் விஷயத்தை உள்ளபடி அறிந்தவன். அறிந்ததைத் திரிக்காமல் சொல்பவன். மார்ட்டியஸ் முதலானவர்கள் பொய் சொல்லக் கூடியவர்கள் அல்லர். ஆனால் விஷயத்தை நேரில் அறிந்தவர்களும் அல்லர். யோக்கியமான மனிதர்கள் பத்துப் பேர் ஒரே வதந்தியைச் சொன்னாலும் வதந்தி பத்தாகுமே தவிர, காட்சி ஒன்றாகாது.

காரணமும் பரீட்சையும்

ஒரு சங்கதி நடந்ததா என்று தீர்மானிப்பதற்கு முன்பே அது ஏன் நடந்தது என்று காரணம் கண்டுபிடிப்பதில் மனித புத்திக்குத் தனி உற்சாகம் உண்டு. காண்டிருவுக்கும் ஓர் அழகான காரணம் கிடைத்தது. மீன்கள் தங்கள் உடம்பில் சேரும் அம்மோனியா முதலான கழிவுகளைப் பெரும்பாலும் செவுளின் வழியாகவே வெளியேற்றுகின்றன. காண்டிரு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு செவுளைத் தேடிப் போகிறது. சிறுநீரிலும் அதே மாதிரியான வாசனை இருப்பதால், பாவம், மனிதனை மீன் என்று எண்ணி ஏமாந்துவிடுகிறது. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

பொருத்தமாக இருப்பது எல்லாம் உண்மையாகிவிடுமா? 2001-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஸ்பாட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் ஆற்றில் பிடித்த காண்டிருக்களைத் தொட்டியில் விட்டுப் பரீட்சை செய்த முடிவுகள் வெளியாயின. அம்மோனியா முதலிய இரசாயனப் பொருள்களைத் தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். மீன்கள் சட்டை செய்யவில்லை. உயிருள்ள மீனைக் கண்டபோதோ உடனே பாய்ந்தன. ஆகவே, இவை முக்கியமாகக் கண்ணால் பார்த்தே இரையைத் தேடுகின்றன என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அழகான காரணம் ஆற்றோடு போயிற்று.

தாரையைப் பற்றிக்கொண்டு ஏறும் கதைக்குப் பரீட்சையும் வேண்டியதில்லை. மீன் நீந்துவது இரு பக்கமும் உள்ள நீரை வாலால் தள்ளித்தான். காற்றின் நடுவே விழும் மெல்லிய தாரையில் தள்ளுவதற்குத் தண்ணீர் ஏது? காஸ்டெல்னோ சொன்னதற்கு மேல் நாம் சொல்ல ஒன்றும் இல்லை.

இளைஞரும் வைத்தியரும்

"அப்படியானால் வைத்தியர் எவரும் இதுவரை கண்ணால் கண்டதே இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். கண்டதாகச் சொன்னவர் உண்டு. 1997-ஆம் ஆண்டில் அமேஸான் கரையில் உள்ள இட்டகோவாட்டியாரா என்ற ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மனௌஸ் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டார். சிறுநீர்ப் பாதையிலிருந்து காண்டிரு ஒன்றை வெளியே எடுத்ததாக வைத்தியர் அறிவித்தார். தொடையளவு தண்ணீரில் நின்றபோது மீன் தாரையின் வழியே பாய்ந்து ஏறியது என்பது நோயாளி சொன்னது. படங்களும் இருந்தன, பாதுகாத்து வைத்த மீனும் இருந்தது. உலகப் பத்திரிகைகளுக்கு அது பெரிய விருந்தாயிற்று.

மேலே சொன்ன ஸ்பாட் 1999-இல் மனௌஸுக்கே சென்று அந்த வைத்தியரைச் சந்தித்தார். படங்களையும் மீனையும் பார்வையிட்டார். மரியாதையாகவே விசாரித்தார், ஆனால் விசாரிக்க விசாரிக்கச் சந்தேகமே வளர்ந்தது. மீனின் நீளம் சுமார் 13 செண்டிமீட்டர். தலையின் அகலம் ஒரு செண்டிமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு பருத்த தலை அவ்வளவு குறுகிய பாதையில் நுழைவதற்கு எத்தனை பலம் வேண்டும்! வெளியே இழுப்பதற்காக முட்களை நறுக்கியதாக வைத்தியர் சொன்னார். பாதுகாத்து வைத்திருந்த மீனிலோ முட்கள் முழுசாக இருந்தன. தாரையில் ஏறிய அம்சமோ முன்பே அபத்தம் என்று தள்ளப்பட்டது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற நம் பெரியோர் வாக்கை ஸ்பாட் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அதன்படிதான் நடந்தார்.

2013-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இர்ம்கார்ட் பாவர் அம்மையார், பிரயாணிகளின் சுகாதாரத்தைப் பற்றிய சஞ்சிகையில் இதுவரை வெளியான எல்லாச் சாட்சியங்களையும் மறுபடி அலசினார். நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. அமேஸான் பிரதேசத்தில் பல லட்சம் ஜனங்கள் தினந்தோறும் ஆற்றில் இறங்கிக் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், குழந்தைகளை நீந்த விடுகிறார்கள். இருநூறு வருஷங்களாகத் தேடியும் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சாட்சி கிடைக்கவில்லை என்பதே பெரிய சாட்சி அல்லவா?

உடையைப் பற்றிய ஒரு யூகம்

இந்தக் கதையினால் மீனுக்கு மட்டும் அபவாதம் ஏற்படவில்லை. அந்நாட்டு ஆதிவாசிகளில் சில வகுப்பார் இடையில் கயிறு கட்டிக்கொள்வதையும், மறைவிடத்துக்கு ஓர் உறை அணிவதையும் பிரயாணிகள் கண்டார்கள். "ஆகா! காண்டிருவுக்குப் பயந்துதான் இந்த ஏற்பாடு" என்று சிலர் முடிவு கட்டினார்கள். ஒரு ஜன சமூகத்தின் உடையும், வழக்கமும், நாணமும், அழகுணர்ச்சியும் எல்லாம் ஒரு மீனின் கணக்கில் எழுதப்பட்டன. காண்டிருவின் வாசனையே இல்லாத நியூகினித் தீவில் மலைவாசிகள் சுரைக்குடுக்கையால் ஆன உறை அணிகிறார்களே, அவர்கள் எந்த மீனுக்குப் பயப்படுகிறார்கள்?

ஒரு ஜனங்களை அவர்களுடைய பயங்களைக் கொண்டே அறிமுகப்படுத்துவது சுலபம். பாட்டி தூங்காத பேரனுக்குச் சொல்லும் பூச்சாண்டிக் கதையை அந்நியர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு, "இந்நாட்டார் மூன்று கண்ணுள்ள பூதத்தை நம்புகிறார்கள்" என்று புத்தகம் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? குழந்தைகள் ஆழத்துக்குப் போகாமல் இருப்பதற்காகச் சொன்ன எச்சரிக்கையும், புது மனிதரைச் சிறிது மிரட்டிப் பார்ப்பதற்காகச் சொன்ன பரிகாசமும் அந்தக் கதைகளில் எவ்வளவு கலந்திருந்தனவோ!

உடம்புக்குள் உண்மையில் நுழைவது எது?

இவ்வளவும் சொன்ன பிறகு, அமேஸான் ஆற்றில் அபாயமே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் உடம்புக்குள் நுழைந்து, நுழைந்த பின் எளிதில் வெளியேறாத ஒன்று அந்த ஆற்றில் மெய்யாகவே இருக்கிறது. அது மீன் அல்ல, பாதரசம்.

ஆற்று மணலில் உள்ள பொன் துகளைத் திரட்டுவதற்காகச் சுரங்கக்காரர்கள் பாதரசத்தை உபயோகிக்கிறார்கள். ஆதிவாசிகளின் நிலங்களுக்குள் சட்ட விரோதமாகப் புகுந்து இத்தொழிலைச் செய்பவர்கள் அநேகர். மிஞ்சிய பாதரசம் ஆற்றில் கலக்கிறது. சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய விஷமாக மாற்றுகின்றன. சிறு மீனின் உடம்பில் அது சேர்கிறது. சிறு மீனைத் தின்னும் பெரு மீனில் பன்மடங்காகிறது. பெரு மீன் சட்டிக்கு வருகிறது. நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் அவ்விஷம், தாயின் வயிற்றில் உள்ள சிசுவையும் விடுவதில்லை.

தபஜோஸ் என்ற உபநதியின் பிரதேசத்தில் வாழும் முண்டுருக்கு மக்களின் மூன்று கிராமங்களில், 2019-ஆம் ஆண்டில் பிரேஸில் வைத்திய ஆராய்ச்சியாளர்கள் சுமார் இருநூறு பேரைப் பரிசோதித்தார்கள். குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருடைய உடலிலும் பாதரசம் காணப்பட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல், அபாயமற்றது என்று வைத்தியர்கள் வகுத்த அளவைத் தாண்டியிருந்தது.

இதற்கு முள் இல்லை, பல் இல்லை; கேட்டதும் சிலிர்க்க வைக்கும் கதையும் இல்லை. ஆகையால்தான் காண்டிருவின் பெயரை அறிந்த ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கூட முண்டுருக்கு மக்களின் பெயர் தெரிவதில்லை. பொய்ப் பயத்தினால் விளையும் தீமை நம்மை வீணாக நடுங்கச் செய்வதோடு தீர்ந்துவிடுவதில்லை. நடுங்க வேண்டிய இடத்திலிருந்து நம் பார்வையை அது வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

காண்டிருவோ இதையெல்லாம் அறியாது. மனிதர்கள் தன்னைப் பற்றி இருநூறு வருஷமாக எழுதியவற்றில் ஒரு வரியும் அதன் காதில் விழவில்லை. மகாநதியின் அடியில், மணலுக்குள் உடலை மறைத்துக்கொண்டு, மேலே நீந்திப் போகும் பெரிய மீனின் செவுள் எப்போது திறக்கும் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. தன் ஆற்றில் பாதரசம் கலக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் கரையில் இருப்பவர்கள்.